நார்வேயின் லோம் பக்கம் போனவர்கள் உண்டா? மரக்கோயில், மலையேற்றம், முழங்கால் வலியுள்ள மாமியார்

மாட்டுங்கா டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் என் கணவர் அலுவலக வேலையாக ஆஸ்லோ போகிறார். வேலை முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும் என்பதால் நான், மாமியார், பிள்ளைகள் இருவர் என நாங்களும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. இங்கே மும்பையில் சில டிராவல்ஸ்காரர்களிடம் விசாரித்தேன். எல்லோரும் ஒரே திட்டத்தைத்தான் நீட்டுகிறார்கள்: பெர்கன், கப்பல், ஃபியோர்டு எனும் கடல் கால்வாய், தினம் ஓர் ஓட்டல், தினம் பெட்டி கட்டுவது. எனக்கு அது வேண்டாம். ஒரே ஊரில் தங்கி, மலையும் பழைய கட்டடங்களும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் தேடியபோது குட்பிராண்ட்ஸ்டாலன் பள்ளத்தாக்கும், அதிலிருந்து மேற்கே பிரிந்துபோகும் பக்கத்தில் லோம் என்ற சிற்றூரும் கண்ணில் பட்டன. அங்கே பழைய மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறதாம். யாராவது போயிருக்கிறீர்களா?

பிள்ளைகளுக்கு வயது 15, 17. ராஜ்மாச்சி, கல்சுபாய் எல்லாம் ஏறியவர்கள். மாமியாருக்கு 68 வயது. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். முட்டைகூடச் சாப்பிடமாட்டார். அவரை அறையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் சுற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. அவரும் பார்த்து மகிழ அங்கே என்ன இருக்கிறது? கார் கட்டாயம் வேண்டுமா?


ரே ரோடு அண்ணாச்சி எழுதியது:

டீச்சரம்மா, தேடிப் பிடித்திருக்கிறீர்கள் நல்ல ஊரை. இனி வேறு யார் என்ன சொன்னாலும் மாற்றாதீர்கள். லோமிலேயே தங்குங்கள்.

நான் ரே ரோட்டில் மரக்கிடங்கு வைத்திருப்பவன். அப்பா காலத்திலிருந்து தேக்கும் பைனும்தான் எங்களுக்குச் சோறு. மகள் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன கோடையில் லோமுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அந்தத் தேவாலயத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகவும் அதைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பழைய பகுதியின் மரங்கள் 1157-58 வாக்கில் வெட்டப்பட்டவை. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது. நம் தாராசுரம் கோயில் எழுந்த அதே நூற்றாண்டு. அது கல். இது பைன் மரம். எங்கள் கிடங்கில் பைன் என்றால் பேக்கிங் பெட்டிக்கும் மலிவான கட்டிலுக்கும் கேட்பார்கள். அதே மரம் மழையிலும் பனியிலும் 860 ஆண்டுகளுக்கு மேல் எப்படி நின்றது என்பதுதான் என்னை அங்கே இழுத்துப்போன கேள்வி.

விடை சுவரின் அடியிலேயே இருக்கிறது. மாமியாரையும் அங்கே நிறுத்திக் காட்டுங்கள், படி ஏற வேண்டியதில்லை. தூண் எதுவும் மண்ணைத் தொடுவதில்லை. முதலில் கல் அடுக்கு, அதன்மேல் படுக்கையாகக் கனமான அடி உத்தரங்கள், அவற்றின்மேல் தூண்கள். உத்தரத்தில் நீளமாகக் காடி வெட்டி, சுவர்ப் பலகைகளை அதில் செங்குத்தாக இறக்கியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்துக் கோயில்களில் தூணை நேரே மண்ணில் குழி தோண்டி நட்டார்கள், அடி உளுத்துச் சில தலைமுறைகளில் விழுந்துபோயின. கல்லின்மேல் தூக்கி வைத்ததால்தான் இவை பிழைத்தன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த இப்படிப்பட்ட கோயில்களில் இன்று நார்வேயில் மிஞ்சியிருப்பவை 28.

உள்ளே போனால் தலையை நிமிர்த்தித் தூண்களும் மேல் உத்தரங்களும் சேரும் மூலைகளைப் பாருங்கள். அங்கே வளைந்த தாங்கு கட்டைகள் இருக்கும். நேரான பலகையை வளைவாக அறுத்துச் செய்தவை அல்ல. மரத்தின் தண்டு வேராகத் திரும்புகிற இடத்தை, அந்த இயற்கையான வளைவோடு வெட்டியெடுத்துச் செதுக்கியவை. நார் வளைவின் போக்கிலேயே ஓடும், ஆகவே பாரம் ஏறினாலும் பிளக்காது. இழை குறுக்கே ஓடும்படி அறுத்த வளைவு எத்தனை சீக்கிரம் வாய் பிளக்கும் என்பது தச்சு வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். அந்தக் காலத்துத் தச்சர்கள் காட்டில் மரம் நிற்கும்போதே இந்த வளைவு இந்த மூலைக்கு என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். எனக்கு அங்கேயே கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன்.

இன்னொன்று மரத்தின் தேர்வு. குளிர் நாட்டில் பைன் மெதுவாக வளரும், வளையங்கள் நெருக்கமாக விழும். வயதான மரத்தின் வைரப் பகுதியில், அதாவது நடுவில் இறுகிய மரத்தில், பிசின் நிறைந்திருக்கும். அதன்மேல் தார் பூசுகிறார்கள். சாலைக்குப் போடுகிற தார் என்று நினைத்துவிடாதீர்கள். பைன் வேர்களையும் அடிக்கட்டைகளையும் அடுக்கி, மண்மூடி, காற்று அதிகம் புகாமல் மெல்ல எரித்து வடிக்கும் மரத்தார். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் சுவர்ப் பக்கம் போனால் புகையும் பிசினும் கலந்த வாசனை வரும். வெயில் விழும் தெற்குச் சுவரில் தார் இளகி ஓடிச் சீக்கிரம் தேயும், அதனால் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஊர் அதைச் செய்துகொண்டே வந்திருக்கிறது. 1663-இல் இருபுறமும் நீட்டிச் சிலுவை வடிவமாக்கினார்கள். இன்றும் அது ஊர்மக்கள் வழிபடும் கோயில். திருமணமோ இறுதிச் சடங்கோ நடந்தால் பார்வையாளர்கள் உள்ளே போக முடியாது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

1973-இல் தரைப் பலகைகளுக்கு அடியில் அகழ்ந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன. பலகை இடுக்கு வழியே விழுந்த காணிக்கைக் காசுகள். கூடவே ரூன் எனப்படும் அந்த நாட்டுப் பழங்கால எழுத்துகள் செதுக்கிய சிறு குச்சி ஒன்று. ஓர் இளைஞன் ஒரு பெண்ணுக்கு எழுதியது: உன்னை மணம் கேட்க விரும்புகிறேன், இன்னொருவனோடு போக உனக்கு விருப்பமில்லை என்றால் யோசித்துச் சொல் என்கிற செய்தி. அந்தக் குச்சி கோயில் தரைக்கடியில் எப்படிப் போனது? அவள் தூக்கி எறிந்தாளா, கை நழுவியதா? என் மகளும் நானும் இரவுச் சாப்பாட்டின்போது அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே நடந்துபோகும் தொலைவில் நார்வே மலை மையம் இருக்கிறது. இதை மாமியார் நிச்சயம் ரசிப்பார். சுற்றுவட்டார மலைகளில் பனி உருகி வெளிவந்த பழம்பொருள்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. லென்ட்பிரேன் என்ற பனித்திட்டில் 2011-இல் கிடைத்த கம்பளிச் சட்டைக்கு வயது சுமார் 1,700 ஆண்டு. அந்த இடம் பழைய மலைக்கணவாய். கி.பி. 1000 வாக்கில் அங்கே போக்குவரத்து உச்சத்தில் இருந்ததாம். குதிரைக்கு மாட்டிய பனிக்காலணி, சறுக்கு வண்டியின் பாகங்கள் என்று என்னென்னவோ கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று விரல் நீளத்தில் ஒரு சிறு மரத்துண்டு. என்னவென்று ஆய்வாளர்களுக்கே புரியவில்லை. உள்ளூர் மூதாட்டி ஒருவர் பார்த்ததும் சொல்லிவிட்டாராம்: ஆட்டுக்குட்டி தாயிடம் பால் குடித்துவிடாமல் வாயில் மாட்டுவது, 1930-கள் வரை எங்கள் பக்கத்தில் புழக்கத்தில் இருந்தது என்று. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டில் கன்றுக்குட்டிக்கு வாய்க்கூடை கட்டுவார்களே, அதே வேலைதான். ஆயிரம் ஆண்டு பழைய துண்டு அது.

கார் பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்லோவிலிருந்து டோவ்ரே பாதை ரயிலில் ஓட்டா வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் லோம் வந்துவிடலாம், சுமார் 60 கிலோமீட்டர். லோமுக்குள் கார் வேண்டாம். ஆனால் மாமியாரை மலைமேல் கூட்டிப்போக வேண்டுமென்றால் ஓரிரு நாளாவது கார் எடுங்கள். காரணம் சொல்கிறேன். லோமிலிருந்து யுவாஸ்ஹித்தா என்ற மலைவிடுதி வரை கட்டணச் சாலை போகிறது. உயரம் 1,841 மீட்டர். உங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்க ஏறிய கல்சுபாய் உச்சியே 1,646 மீட்டர்தான். உங்கள் மாமியார் காரை விட்டு இறங்கும் இடமே அதைவிட உயரம்! ஜூலையிலும் சுற்றிலும் பனி. கம்பளிச் சட்டையும் காதை மூடும் குல்லாயும் கையோடு இருக்கட்டும்.

சோக்னஃபியெல் சாலையையும் விடாதீர்கள். லோமிலிருந்து மேற்கே ஏறி, 1,434 மீட்டர் உயரத்தைத் தொட்டு, மறுபக்கம் கடல் கால்வாய்க்கு இறங்கும் பாதை. வட ஐரோப்பாவின் மிக உயரமான மலைக்கணவாய்ச் சாலை என்கிறார்கள். 1930-களில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு போட்டு, 1938-இல் திறந்தார்கள். குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வண்டியில் உட்கார்ந்தபடியே பனிமலைகளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிகிற இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.


தாணே மலையேறி எழுதியது:

அண்ணாச்சி பிள்ளைகளின் மலையேற்றத்தை என்னிடம் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்தஹோப்பிக்கன் 2,469 மீட்டர். நார்வேயின் மிக உயர்ந்த சிகரம், 1850-இல் லோம் ஊர்க்காரர்கள் மூவர் முதலில் ஏறினார்கள். இரண்டு வழிகள் உண்டு. யுவாஸ்ஹித்தாவிலிருந்து போனால் உயரம் குறைவு, ஆனால் இடையில் ஸ்டிக்கபிரேன் பனியாற்றைக் கடக்க வேண்டும். பனிப் பிளவுகள் மேலே தெரியாமல் மூடியிருக்கும். வழிகாட்டியோடு, எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தனியாகப் போகவே கூடாது. ஸ்பிட்டர்ஸ்டூலன் என்ற மலைவிடுதிப் பக்கமிருந்து ஏறினால் பனியாறு இல்லை, ஆனால் சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏறியிறங்க வேண்டும், நாள் முழுக்க ஆகும். சஹ்யாத்ரியில் பழகிய பிள்ளைகளுக்கு வழிகாட்டியோடு போகும் முதல் வழியே நல்லது. பனியில் கயிறு கட்டி நடப்பது அவர்களுக்குப் புது அனுபவமாகவும் இருக்கும்.

பெஸ்எக்கன் இன்னொரு புகழ்பெற்ற நடை. யெண்டஸ்ஹைம் துறையில் படகேறி மெமுருபு போய் இறங்கி, மலைமுகடு வழியே திரும்பி நடப்பது வழக்கம். சுமார் 14 கிலோமீட்டர், 6 முதல் 8 மணி நேரம். முகட்டின் ஒருபுறம் மிகக் கீழே யெண்டே ஏரி, பனியாறு அரைத்துக் கொண்டுவரும் கல்தூளால் பச்சையாக இருக்கும். மறுபுறம் அதைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் பெஸ்வாட்னெட் ஏரி, கருநீலம். குறுகலான இடத்தில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். அங்கே கம்பிப்பிடி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹரிஹர் கோட்டைப் படிகளில் தலை சுற்றாதவர்களுக்கு இதுவும் சுற்றாது. மழையிலும் பலத்த காற்றிலும் போக வேண்டாம். லோமிலிருந்து அந்தத் துறைக்குச் சாலை வழி சுற்று அதிகம், காரில் விடியற்காலையே கிளம்புங்கள்.

வழியெங்கும் கற்களில் சிவப்பு நிறத்தில் ஆங்கில டி எழுத்து வரைந்திருக்கும். 1868-இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கத்தின் அடையாளம் அது. அதைப் பின்பற்றினாலே போதும். பயிரிடாத திறந்தவெளியில் யாரும் நடக்கலாம் என்பது அங்கே 1957 முதல் எழுதப்பட்ட சட்டம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் அடிக்கலாம். வனத்துறைச் சீட்டுக்கு வரிசையில் நின்று பழகிய நமக்கு இது பெரிய ஆறுதல். குப்பையை மட்டும் கையோடு திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.


முலுண்ட் சுபா எழுதியது:

அக்கா, சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் தம்பி ஆஸ்லோவில் இருக்கிறான், அவனோடு குட்பிராண்ட்ஸ்டாலன் பக்கம் போயிருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் நார்வேக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப்பொடியை நல்லெண்ணெயோடு சாப்பிட அத்தையைப் பழக்கிக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சல், சேவை, அவல், ரவை தாராளமாக எடுத்துப்போகலாம். சமையலறை உள்ள மரவீடுகள் சுற்றுலா முகாம்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டலைவிட அதுதான் உங்களுக்குச் சரி. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி லோம் கடைகளிலேயே கிடைத்துவிடும்.

அங்கே கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது பழுப்புப் பாலாடைக்கட்டி. பாலைத் திரித்து வடித்த நீரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுவார்கள். பாலின் சர்க்கரை கருகிப் பழுப்பாகும். 1863-இல் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆன்னே ஹூவ் என்ற பெண்மணி அதில் பாலேடும் சேர்த்துக் காய்ச்சினார், அதிலிருந்து வந்ததுதான் இன்று நாடு முழுக்க விற்கும் வகை. நல்ல விலை கிடைத்ததால், நெருக்கடியில் இருந்த இந்தப் பகுதி விவசாயிகளுக்கு அது கைகொடுத்ததாகச் சொல்வார்கள். இனிப்பும் உப்பும் கலந்த சுவை, பிள்ளைகள் விடமாட்டார்கள். அத்தை கண்டிப்பான சைவம் என்பதால் ஒன்று: பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்வதுண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். வாஃபிள்களில் முட்டை இருக்கும். லோமில் ஆற்றங்கரையில் அருவிக்குப் பக்கத்திலேயே கல்லடுப்பு பேக்கரி ஒன்று உண்டு. அதன் ரொட்டி அவருக்கு ஒத்துவரும்.


மாட்டுங்கா டீச்சர் எழுதியது:

நெஞ்சார்ந்த நன்றி. அண்ணாச்சி எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். வாய்க்கூடை விஷயத்தைக் கேட்டதும் "அதை நான் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். சிறுவயதில் கல்லிடைக்குறிச்சியில் மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்தவர். அவர் கேட்கச் சொன்ன கேள்வி: இத்தனை பனிமலை நடுவே விவசாயம் எப்படி நடக்கிறது, மழை கொட்டுமா? என் கேள்வி: மழைக்கோட்டு எத்தனை வாங்குவது? ஓட்டா போகும் வழியில் எங்காவது இறங்கிப் பார்க்கத் தகுந்த இடம் உண்டா?


ரே ரோடு அண்ணாச்சி எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கல்லிடைக்குறிச்சி என்றால் நமக்கு அடுத்த ஊர்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கொட்டாது என்பதுதான் அதிசயம். மேற்கே கடலோரம் மழை பேயாகப் பெய்யும். மேகம் மலையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறுங்கையாக இந்தப் பக்கம் வருகிறது. லோமும் அடுத்த ஊரான ஷோக்கும் நார்வேயிலேயே மிக வறண்ட இடங்களில் சேர்த்தி. ஷோக்கில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான். மும்பையில் ஜூலையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்து ரயில் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். அதனால் அங்கே விவசாயிகள் நூற்றாண்டுகளாக மலைமேலிருந்து, பனி உருகி வரும் ஓடைகளிலிருந்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாறைச் சரிவில் வாய்க்கால் வெட்ட முடியாத இடங்களில் மரத்தொட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீரோட விட்டார்கள். யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறையும் இருந்தது. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்த அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது குழாயும் தெளிப்பானும் வந்துவிட்டன. பழைய வாய்க்கால்களின் மிச்சங்களைச் சரிவுகளில் இன்னும் பார்க்கலாம்.

அந்த வறட்சி மரத்துக்கும் நல்லது. அங்கே பழைய பண்ணைக் கட்டடங்களைக் கவனியுங்கள். உருட்டு மரங்களைப் படுக்கையாக அடுக்கி மூலையில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டியவை. தானியக் களஞ்சியங்களை எலி ஏறாதபடி குட்டையான கால்கள்மேல் தூக்கி வைத்திருப்பார்கள். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி உள்ளூர் அருங்காட்சியகத்தில் பெரிய களஞ்சியம் ஒன்று நிற்கிறது.

லோமில் தங்குவதற்கு மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று போதும். பெஸ்எக்கன் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் காற்றுப் புகாத நல்ல மேல்சட்டை வாங்குங்கள், மலைமேல் கணக்கு வேறு. நார்வே வானிலைத் துறையும் ஒலிபரப்புக் கழகமும் சேர்ந்து நடத்தும் 'யீர்' தளத்தில் மணிவாரியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வழியில் இறங்க வேண்டிய இடம் லில்லஹாம்மர். அதே ரயில்பாதைதான். அங்கே மைஹாகன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டர்ஸ் சாண்ட்விக் என்ற பல் மருத்துவர் 1880-களில் அந்த ஊருக்கு வந்தார். பள்ளத்தாக்கின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கப்படுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் தாமே வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். அது 1904-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று சுமார் 200 கட்டடங்கள் இருக்கின்றன.

அங்கே நிற்கும் கார்மோ மரக்கோயிலை அவசியம் பாருங்கள். கார்மோ என்பது லோமைச் சேர்ந்த ஊர்தான். 1880 வாக்கில் அந்தக் கோயிலை இடித்து மரத்தைப் பலருக்கும் விற்றுவிட்டார்கள். சிதறிப்போன துண்டுகளைத் தேடிச் சேர்த்து, 1921-இல் மைஹாகனில் மறுபடி எழுப்பினார்கள். பழைய மரம் வாங்கி விற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கைமாறிப்போன மரத்தை ஒன்று சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சாண்ட்விக் செய்தது சாதாரணக் காரியம் அல்ல.

காலை ரயிலில் ஆஸ்லோவில் ஏறினால் லில்லஹாம்மரில் அரை நாள் கிடைக்கும், மாலை ரயிலில் ஓட்டா போய்விடலாம். ஆனால் அன்றைய கடைசி லோம் பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் ரயில், பஸ் நேரம் காட்டும் 'என்டூர்' செயலியில் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். மைஹாகன் முழுக்க மேட்டுச் சரிவு. அம்மாவுக்கு நடக்க முடிந்தவரை சுற்றிவிட்டு, கார்மோ கோயில் பக்கம் பெஞ்சில் உட்காரவைத்து, நீங்கள் மேலே போய் வாருங்கள்.